கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் மகளுக்கு என்ன நாவல் கொடுக்கலாம்?

வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நம் மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்னில் இருக்கிறீர்கள். மகளுக்கு 13 வயது. நட்பு, ரகசியம், வளர்ந்து பெரியவளாவது என்று வரும் நாவல்களையே தேடித் தேடிப் படிக்கிறாள், அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. இந்த வகையில் நல்ல நாவல்கள் எவை, எழுதியவர்கள் யார், நம் தீவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, தமிழில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிக்கும்போது, "முன்பெல்லாம் எல்லாவற்றையும் சொல்வாள், இப்போது எதையும் சொல்வதில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. மறைப்பதற்கு இந்தப் புத்தகங்கள்தான் கற்றுத் தருகின்றனவோ என்று உங்களுக்குப் பயம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். முதலில் ஆரம்பப் பள்ளியில், பிறகு கொலேஜில், அதாவது இடைநிலைப் பள்ளியில். நம் பிள்ளைகளின் நிலைமை உங்களுக்கே தெரியும்: வீட்டில் கிரியோல், கதைப் புத்தகம் பிரெஞ்சில், பரீட்சை ஆங்கிலத்தில், தமிழுக்கு வாரத்தில் சில மணி நேரம். அதனால் என் தமிழ் வகுப்பு அலமாரியில் மூன்று மொழிப் புத்தகங்களும் இருக்கும். எந்த மொழியில் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் கதையைத் தமிழில் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த புத்தகம். எந்தப் பிள்ளை எதை எடுத்தது, எதைப் பாதியில் திருப்பிக் கொடுத்தது, எந்த இடத்தில் கதை சொல்லும்போது குரல் மாறியது என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. மனநலம் நான் படித்ததில்லை. புத்தகங்களைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகளைப் பற்றி, என் வகுப்பில் பார்த்த அளவுக்குச் சொல்வேன். உங்கள் மகளைப் பற்றி நீங்கள்தான் சொல்ல முடியும்.

சரி, முதலில் பயத்துக்குப் பதில். புத்தகத்தையே தொடாத பிள்ளையும் 13 வயதில் கதவைச் சாத்தும். நான் பார்த்தவரை, கதவைச் சாத்திக்கொண்டு நாவல் படித்தவர்கள்தான் பின்னால் வந்து அதிகம் பேசினார்கள். சின்ன வயதில் சிநேகிதி என்றால் கூட விளையாடுகிறவள். பன்னிரண்டு, பதின்மூன்றில் அது மாறிவிடுகிறது. எவளிடம் சொன்னால் வெளியே போகாதோ அவள்தான் சிநேகிதி. அதனால்தான் இந்த வகை நாவல் எதை எடுத்தாலும் உள்ளே ஒரு ரகசியம் இருக்கிறது. அந்த ரகசியம் இருவருக்குள் அடங்காத அளவு பெரிதாகும் நாள் ஒன்று வரும். யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது சரியா என்று அந்தப் பிள்ளை தானாக முடிவெடுக்க வேண்டியிருக்கும். இந்த வகையின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

நல்லதையும் சுமாரானதையும் பிரிப்பதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: யார் யாரிடம் மறைக்கிறார்கள்? சுமாரான நாவலில் ரகசியம் என்பது பக்கத்தைப் புரட்ட வைக்கும் முடிச்சு. அவிழ்ந்ததும் புத்தகம் முடிந்துவிடும், மறுநாள் மறந்தும் போகும். நல்ல நாவலில் பிள்ளைகள் மறைப்பது சின்னதாக இருக்கும், அதற்குப் பின்னால் பெரியவர்கள் மறைத்துவைத்த ஒன்று மலை மாதிரி நிற்கும். ஒரு சிநேகிதனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை அந்த மலையைப் பார்க்கும். இது என் அளவுகோல், இலக்கிய விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அலமாரியிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட புத்தகங்கள் எல்லாம் இதில் தேறின.

நம் தீவைப் பற்றிக் கேட்டீர்கள். நத்தாஷா அப்பனா எழுதிய 'லெ தெர்னியே ஃப்ரேர்', அதாவது கடைசிச் சகோதரன், 2007-இல் வந்தது. ஆங்கிலத்திலும் 'த லாஸ்ட் பிரதர்' என்று கிடைக்கிறது. எழுபது வயது ராஜ் ஒரு கல்லறைக்குப் போகிறார். அங்கே படுத்திருப்பவன் டேவிட், பத்து வயதில் இறந்தவன். இது முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடும், எனவே நான் கதையைக் கெடுக்கவில்லை. பிறகு கதை பின்னால் போகிறது. வடக்கே மாப்புவில் கரும்புத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், ராஜ் குடும்பம், அண்ணன் அனில், தம்பி வினோத், குடித்துவிட்டு அடிக்கும் அப்பா. ஒரே மழை வெள்ளத்தில் அண்ணனும் தம்பியும் போய்விடுகிறார்கள். குடும்பம் போ பாசெனுக்குக் குடிபெயர்கிறது. அப்பாவுக்கு அங்கே சிறைக் காவலர் வேலை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பையன் புதரில் ஒளிந்துகொண்டு சிறையை எட்டிப் பார்க்கிறான். உள்ளே திருடர்களும் கொலைகாரர்களும் இருப்பார்கள் என்று நினைத்த இடத்தில், வெளிறிப்போன வெள்ளைக்கார மனிதர்களும், தங்க நிறத் தலைமுடியோடு தன் வயதுப் பையன் ஒருவனும். இரண்டு பையன்களுக்கும் தாய்மொழி வேறு வேறு. பள்ளியில் கற்ற பிரெஞ்சு இருவருக்கும் பொது, அதில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தச் சிறை கற்பனை இல்லை. நாஜிகளிடமிருந்து தப்பி, வியன்னா, பிராகா மாதிரி ஊர்களிலிருந்து கிளம்பிய யூதர்கள் 1940-இல் ஹைஃபா துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அவர்களை இறங்கித் தங்க விடாமல், ஏறக்குறைய 1,580 பேரை அந்த டிசம்பரிலேயே நம் தீவுக்கு அனுப்பியது. போர் முடிந்து 1945 ஆகஸ்டில்தான் அவர்கள் வெளியேற முடிந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காய்ச்சலிலும் நோயிலும் இறந்து, சேன் மார்ட்டின் இடுகாட்டில் புதைக்கப்பட்டார்கள். கல்லறைகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. இவை வரலாறு. ராஜும் டேவிடும் அவர்களுடைய ஓட்டமும் நாவலாசிரியர் உண்டாக்கியவை. மகள் படித்துவிட்டு "இது நடந்ததா?" என்று கேட்பாள், கட்டாயம் கேட்பாள். அப்போது இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது யார் யாரிடம் மறைக்கிறார்கள் என்று பாருங்கள். ராஜ் தன் அப்பாவிடம் டேவிடை மறைக்கிறான். டேவிட் யார், ஏன் அங்கே இருக்கிறான், வெளியே உலகத்தில் என்ன போர் நடக்கிறது என்பதை மொத்தத் தீவும் ராஜிடமிருந்து மறைத்துவிட்டது. அவனுக்கு அது தெரிவதற்குள் அவன் வளர்ந்த ஆளாகிவிடுகிறான். தெரியாமலேயே ஒருவனை நேசித்து, தெரியாமலேயே அவனை ஆபத்துக்குள் அழைத்துப் போய்விட்டோம் என்ற பாரத்தோடு ஒரு கிழவர் பேசுகிறார். என் மாணவி ஒருத்தி இதைத் தமிழில் சொல்ல வந்தபோது, பாதியில் நிறுத்தி, "டீச்சர், என் பாட்டி போ பாசெனில் பிறந்தவர், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றாள். போய்க் கேட்டிருக்கிறாள். பாட்டி, "வெள்ளைக்காரக் கைதிகள் இருந்தார்கள் என்று தெரியும், எங்களை யாரும் அதற்கு மேல் கேட்க விடவில்லை" என்றாராம். அன்று பாட்டியும் பேத்தியும் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். மறைக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நீங்கள் பயப்படும் அதே வகைப் புத்தகம்தான் அந்த வீட்டில் பேச்சைத் திறந்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஆகும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

நத்தாஷா அப்பனா 1973-இல் மகேபூரில் பிறந்தவர். பத்திரிகையாளராக இருந்து பிரான்சுக்குப் போனவர். அவருடைய முன்னோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். முதல் நாவல் 'லெ ரோஷே தெ பூத்ர் தோர்' 2003-இல் வந்தது. பாறையைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்று நம்பிக் கப்பலேறிய கூலிகளின் கதை. உங்கள் மகளுக்கு 15 வயது ஆனதும் அதையும் கொடுக்கலாம். 2016-இல் வந்த 'த்ரோப்பிக் தெ லா வியோலான்ஸ்' பிரான்சின் ஆட்சியில் உள்ள மயோத் தீவில் பெற்றவரில்லாமல் திரியும் பையன்களைப் பற்றியது. கடுமையான புத்தகம், இப்போது வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆனந்த தேவியின் 'ஏவ் தெ சே தெகோம்ப்ர்', அதாவது தன் இடிபாடுகளிலிருந்து ஏவ், 2006-இல் வந்தது, அதே வருடம் பிரெஞ்சு மொழி எழுத்துக்கான ஐந்து கண்டங்களின் பிராங்கோஃபோனி விருது பெற்றது. தலைநகர் போர்ட் லூயிசின் ஓரத்தில் த்ரூமரோன் என்று ஒரு கற்பனைக் குடியிருப்பு. மரோன் என்றால் தப்பி ஓடிய அடிமை, த்ரூ என்றால் பொந்து. பெயரே ஒளிந்துகொள்ளும் இடம். அங்கே ஏவ், சவிதா, சாத், க்ளேலியோ என்று நான்கு இளையவர்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஏவும் சவிதாவும் உயிர்த் தோழிகள். ஏவ் தன் உடம்பைப் பண்டமாற்றுப் பொருளாக்கிக்கொண்ட பெண். அவளோடு ஒரு பெரிய மனிதர் வைத்திருக்கும் ரகசியம் சவிதாவின் உயிரைக் குடிக்கிறது. நட்பு பற்றி நம் தீவில் எழுதப்பட்டவற்றில் இதுதான் உச்சம் என்பது என் கருத்து. அந்த மொழியின் அழகில் மயங்கி, கெட்டிக்காரி என்று நினைத்து, 14 வயதுப் பெண் ஒருத்தியிடம் நான் அதைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அதற்கப்புறம் பல மாதம் என்னிடம் புத்தகம் வாங்கவே இல்லை. அந்தப் புத்தகத்தில் குறை இல்லை. கூட யாரும் இல்லாமல் அதை அவள் தனியாகத் தூக்கும்படி விட்டது என் குறை. அதனால் 17, 18 வயது வரைக்கும் பொறுங்கள். ஆனால் நீங்கள் இப்போதே படியுங்கள். ஆனந்த தேவி 1957-இல் த்ருவா பூத்திக்கில் பிறந்தவர், 15 வயதிலேயே பிரெஞ்சு வானொலியின் சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கியவர், 2024-க்கான நோய்ஸ்டாட் சர்வதேச இலக்கியப் பரிசு அவருக்குத்தான். இந்த நாவலைப் படமாக எடுத்தவர்கள் அவருடைய கணவரும் மகனும்.

நம் தீவு என்றால் இன்னும் இரண்டு பெயரை யாராவது சொல்வார்கள். ஒன்று, க்யூர்பைப்பில் சிலையாக நிற்கும் 'போலும் விர்ஜினியும்'. 1788-இல் பெர்னார்தேன் தெ சேன் பியேர் எழுதியது. இன்றைய பிள்ளைகளுக்கு அது ஓடாது, கட்டாயப்படுத்த வேண்டாம். இன்னொன்று, 2008-இல் நோபல் பெற்ற லெ க்ளேசியோ 1985-இல் எழுதிய 'லெ ஷெர்ஷர் தோர்', புதையல் தேடுபவன். தாமரேன் பக்கத்தில் வளரும் அலெக்சிக்குக் கடலைக் காட்டிக்கொடுப்பவன், சமையல்காரரின் பேரன் தெனி. அந்த முதல் பகுதி, 1892 புயல் வரைக்கும், எந்தப் பிள்ளையும் படிக்கலாம். அப்புறம் கதை ரொட்ரிகேஸ் தீவுக்கும் போர்க்களத்துக்கும் போய் நீண்டுவிடும், அங்கே பல பேர் கைவிட்டார்கள்.

தீவுக்கு வெளியே ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால் ஃப்ரெட் ஊல்மன் எழுதிய 'லாமி ரத்ரூவே', அதாவது மீண்டும் கிடைத்த நண்பன். சின்னப் புத்தகம், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். 1932, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரம். யூத மருத்துவரின் மகன் ஹான்ஸ், பிரபுக் குடும்பத்துப் பையன் கொன்ராதின். வீட்டுக்கு வருவது, நாணயங்களைக் காட்டிக்கொள்வது, கவிதை படிப்பது என்று நட்பு மெதுவாக வளரும். ஒரு மாலை இசைநாடக அரங்கில், அப்பா அம்மாவோடு வந்த கொன்ராதின், ஹான்சைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி கடந்து போவான். அந்த இடத்தில்தான் என் மாணவர்கள் எல்லோரும் நின்றார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு சிநேகிதி பள்ளிக்கூட வாசலில் இருந்திருக்கிறாள். இந்த நாவலின் ரகசியம் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது, அதை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் முன்கூட்டியே பார்த்துவிட்டு அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஊல்மன் 1901-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூத வழக்கறிஞர். 1933-இல் ஜெர்மனியை விட்டுப் போய், ஓவியராகி, பின்னால் இங்கிலாந்தில் வாழ்ந்தார். இந்தக் கதையை 1971-இல் 'ரீயூனியன்' என்று ஆங்கிலத்தில்தான் வெளியிட்டார். கதையின் ஊரும் பள்ளியின் சூழலும் அவருடையவை. ஆனால் ஹான்ஸ்தான் ஊல்மன் என்று சொல்லிவிடுவது அவசரம்.

ஆசிரியர்களின் ரகசியங்களும் இந்த வகையில் உண்டு, பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். 1967-இல் வந்த 'த அவுட்சைடர்ஸ்' எழுதிய எஸ்.இ. ஹின்டன் ஒரு பெண். எழுதத் தொடங்கும்போது அவரே பள்ளி மாணவி. பையன்களின் சண்டைக் கதையைப் பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகம் வெறும் முதலெழுத்துகளைப் போட்டது. நேப்பிள்சின் இரண்டு தோழிகளைப் பற்றி 2011 முதல் நான்கு பாகமாக வந்த நாவலை எழுதியவரின் பெயர் எலேனா ஃபெராண்டே. அது புனைபெயர். உண்மையில் யார் என்று பத்திரிகைகள் எழுதிய ஊகங்களை அவர் ஒப்புக்கொண்டதில்லை, அதனால் அவற்றை ஊகமாகவே வைத்துக்கொள்வோம். முதல் பாகத்தை, ஆங்கிலத்தில் 'மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்', 16 வயதில் கொடுக்கலாம்.

தமிழில்? நேர்மையாகச் சொன்னால், நம் தீவில் 13 வயதுப் பிள்ளை தானாக உட்கார்ந்து தமிழ் நாவல் படிப்பது அபூர்வம். எழுத்துக்கூட்டிப் படிக்கும், கதையின் வேகம் வராது. அதனால் தமிழ் நாவலை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அல்லது நீங்கள் படித்துவிட்டுக் கதையாகச் சொல்லுங்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000-இல் வந்தது. ஆடு மேய்க்கும் கூளையனுக்கும் பண்ணையார் மகன் செல்வனுக்கும் உள்ள நட்பு, சாதி அதை எப்படி அறுக்கிறது என்பது கதை. கொங்கு வட்டாரப் பேச்சு நமக்குப் பழக்கமில்லை, முதல் இருபது பக்கம் திணறும், பிறகு காது பழகிவிடும். ஊல்மனின் ஸ்டுட்கார்ட்டுக்கும் இந்த மேட்டாங்காட்டுக்கும் உள்ள ஒற்றுமை உங்கள் மகளுக்கே தெரிந்துவிடும். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில் செகந்தராபாத்தில் ஓர் இளைஞன் வளர்வதைச் சொல்கிறது. அதன் கடைசிப் பக்கம் பெரியவர்களையே உலுக்கும், எனவே பொறுத்துக் கொடுங்கள்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004, உங்களுக்காக. ராபியா என்ற சிறுமி வீட்டுக்குத் தெரியாமல் தோழியோடு சினிமாவுக்குப் போவதும், அதற்கு வீட்டில் வாங்கும் அடியும் அதில் வருகின்றன. அந்தச் சிறுமியைச் சுற்றி இருக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியும் அதைவிடப் பத்து மடங்கு பெரிய ரகசியத்தை முந்தானைக்குள் வைத்திருக்கிறார்கள். சல்மாவே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியவர், சல்மா என்பதும் புனைபெயர்தான். அதைப் படித்தபோது என் மகள்கள் என்னிடம் மறைத்ததைவிட, நான் என் அம்மாவிடம் மறைத்தவை எனக்கு ஞாபகம் வந்தன. உங்களுக்கும் வரலாம்.

இனி என்ன செய்வது என்று கேட்டால், நான் செய்ததைச் சொல்கிறேன். புத்தகத்தைக் கையில் கொடுத்து "படி" என்று சொன்னால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். ஊல்மனை வாங்கி, முதலில் நீங்கள் படியுங்கள், கூடத்திலேயே, அவள் பார்க்கும்படி. முடித்ததும் சாப்பாட்டு மேசையில் விட்டுவிடுங்கள். அவள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டும் என்றால், இசைநாடக அரங்கில் கொன்ராதின் செய்தது சரியா என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும் பதில் யாரைப் பற்றி என்று உடனே கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். நான் அப்படித் துருவிய இரண்டு மூன்று தடவையும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பனாவின் நாவல். அதில் அப்பா அடிக்கும் காட்சிகள் கனமானவை. வீட்டில் அப்படி எதுவும் இல்லாத பிள்ளையும் அழும், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். அவள் முடித்த பிறகு, முடிப்பதற்கு முன் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேன் மார்ட்டினுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யூதர் கல்லறைகள் தனியாக ஒரு பக்கம் இருக்கின்றன, பக்கத்திலேயே சின்ன நினைவகமும் உண்டு. பெயர்களும் தேதிகளும் கல்லில் இருக்கும். டேவிட் கற்பனை என்று தெரிந்தும், என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த வரிசையில் அவன் பெயரைத் தேடினார்கள்.